குற்றவாளி யாரென்று தெரிந்த பிறகும் ஏன் பார்க்கிறோம்? ‘கண்ணூர் ஸ்குவாட்’ வழியாகப் போலீஸ் படங்களுக்கு ஓர் அறிமுகம்

மலையாளப் படம் ஒன்றில் காக்கிச் சட்டை தென்பட்டால் போதும், நம்மூர்ப் பரிந்துரைகளில் அது ‘இன்வெஸ்டிகேஷன் த்ரில்லர்’ ஆகிவிடுகிறது. அதை நம்பி ராத்திரி பதினொரு மணிக்கு உட்காரும் நண்பர் மறுநாள் காலையில் வந்து, “என்னப்பா, ட்விஸ்டே இல்லையே” என்று குறைப்படுகிறார். இன்னொருவர், “பாதியிலேயே யாருன்னு சொல்லிட்டான், அப்புறம் என்ன சஸ்பென்ஸ்?” என்கிறார். அவர்கள் ரசனையில் கோளாறு ஒன்றும் இல்லை. வெவ்வேறு வேலை செய்யும் படங்களை ஒரே பெயரால் அழைத்தால் இப்படித்தான் ஆகும்.

2023 செப்டம்பர் 28 அன்று வெளிவந்த மம்மூட்டியின் ‘கண்ணூர் ஸ்குவாட்’ இந்தக் குழப்பத்தில் அதிகம் மாட்டிய படம். அதை வைத்தே விஷயத்தைப் பிரித்துப் பார்க்கலாம். கதையின் போக்கைச் சொல்லித்தான் ஆக வேண்டும். படத்தை இன்னும் பார்க்காதவர்களுக்கு ஒன்று: இது கதை தெரிந்தால் கெட்டுப்போகிற படம் இல்லை. ஏன் என்பதுதான் கீழே வருகிறது.

கல்யாண வீட்டுப் பதற்றம்

கல்யாண வீட்டில் மாப்பிள்ளை யார், பெண் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பத்திரிகையிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனாலும் விடியற்காலை நான்கு மணிக்குப் பெண்ணின் அப்பா முகத்தைப் பாருங்கள். சமையல்காரர் கேட்ட பாத்திரம் வந்து சேரவில்லை. பூக்காரர் போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு வேன் பஞ்சராகி வழியில் நிற்கிறது. முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. என்ன நடக்க வேண்டும் என்பது தெரியும். அது நேரத்துக்குள் நடக்குமா என்பதுதான் தெரியாது.

போலீஸ் நடைமுறைப் படம் என்று ஒரு வகை உண்டு. ஆங்கிலத்தில் ‘ப்ரொசீஜுரல்’ என்பார்கள். குற்றம் நடந்த பிறகு போலீஸ்காரர்கள் உண்மையில் செய்யும் வேலையை, அதன் அலுப்பும் தடையும் தெரியும்படி, படிப்படியாகக் காட்டும் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘யார் செய்தது’ என்ற கேள்விக்குப் பதில் சீக்கிரமே கிடைத்துவிடலாம். ‘இவனைப் பிடித்துக் கொண்டுவர முடியுமா’ என்ற கேள்விதான் நம்மை உட்கார வைக்கிறது.

அப்படியானால் மற்றவை என்ன?

பழைய வகையிலிருந்து தொடங்கலாம். புதிர்ப் படம். ஒரு பிணம், நான்கைந்து சந்தேக நபர்கள், ஓர் அறிவாளி. பதில் கடைசிக் காட்சிவரை ஒளித்து வைக்கப்படும். மலையாளத்தில் இதன் உச்சம் 1988-ல் கே. மது இயக்கி எஸ்.என். சுவாமி எழுதிய ‘ஒரு சி.பி.ஐ. டைரிக்குறிப்பு’. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கும் சி.பி.ஐ. அதிகாரியாக மம்மூட்டி நடித்த சேதுராம ஐயர் சென்னையிலும் பிரபலம். பெண் மாடியிலிருந்து குதித்தாளா, தள்ளிவிடப்பட்டாளா என்று கண்டுபிடிக்க ஒரு பொம்மையை மேலிருந்து வீசிப் பார்க்கும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. அதே பாத்திரம் 2022 வரை ஐந்து படங்களில் வந்தது. இந்த வகையில் பதிலை முன்கூட்டியே சொல்லிவிட்டால் படம் போச்சு.

அடுத்தது நாயகப் போலீஸ் படம். 1994-ல் ஷாஜி கைலாஸ் இயக்கத்தில் சுரேஷ் கோபி நடித்த ‘கமிஷனர்’ இதற்கு நல்ல மாதிரி. அங்கே குற்றவாளி யாரென்று எல்லோருக்கும் தெரியும். அவன் அமைச்சரையும் பணத்தையும் வைத்துத் தப்பிப்பான். நாயகன் ஆங்கிலத்தில் திட்டி, கடைசியில் சட்டத்தையும் தாண்டுவான். நடைமுறை என்பது அவனுக்கு இடைஞ்சல். கைதட்டல் கிடைப்பதே அதை உடைக்கும்போதுதான்.

நடைமுறைப் படம் இந்த இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. கே.ஜி. ஜார்ஜின் ‘யவனிகா’ (1982) அதற்கும் புதிர்ப் படத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு அற்புதம். காணாமல் போன தபலாக்காரர் ஒருவரைப் பற்றி நாடகக் குழுவில் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே போவார் சப் இன்ஸ்பெக்டராக வரும் மம்மூட்டி. 2016-ன் ‘ஆக்ஷன் ஹீரோ பிஜு’ வேறொரு எல்லைக்குப் போனது. பெரிய வில்லன் கிடையாது. ஒரு ஸ்டேஷனுக்கு வருகிற புகார்கள்தான் படம்.

இதுவரை வந்ததைத் தொகுத்துக்கொள்வோம். புதிர்ப் படம் பதிலை ஒளிக்கிறது. நாயகப் படம் நடைமுறையை உடைக்கிறது. நடைமுறைப் படம் அந்த நடைமுறையையே தடை ஓட்டமாக வைத்து, ஓட முடிகிறதா என்று பார்க்கச் சொல்கிறது.

கண்ணூர் ஸ்குவாட்: நிஜமும் கதையும்

கண்ணூரில் இந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு போலீஸ் குழு இருந்தது. ஐ.பி.எஸ். அதிகாரி எஸ். ஸ்ரீஜித் அங்கே எஸ்.பி.யாக இருந்தபோது அதை உருவாக்கினார். ஸ்குவாட் என்றால் தனிக் கட்டடம், தனி அதிகாரம் என்று நினைக்க வேண்டாம். மாவட்டத்தில் இருக்கும் போலீஸ்காரர்களில் கெட்டிக்காரர்கள் சிலரைப் பொறுக்கி எடுத்து, எஸ்.பி.யின் நேரடிப் பார்வையில் சிக்கலான வழக்குகளுக்கு அனுப்பும் ஏற்பாடு, அவ்வளவுதான்.

படத்தின் மைய வழக்கும் நடந்ததுதான். 2013-ல் காசர்கோடு மாவட்டத்தின் திருக்கரிப்பூரில் ஒரு தொழிலதிபர் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். படம் பெயர்களை மாற்றி, சம்பவங்களைச் சேர்த்து, ஏ.எஸ்.ஐ. ஜார்ஜ் மார்ட்டின் தலைமையில் நான்கு பேரை ஒரு டாடா சுமோவில் ஏற்றி அனுப்புகிறது. மம்மூட்டியோடு ரோணி டேவிட் ராஜ், அசீஸ் நெடுமங்காடு, சபரீஷ் வர்மா. கொலைகாரர்கள் யாரென்பது படம் பாதியைத் தொடும் சமயத்தில் தெளிவாகிவிடுகிறது. மீதிப் பாதி கர்நாடகம், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம் என்று வடக்கே நேபாள எல்லைப் பக்கம்வரை ஓடுகிறது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன். நாயகன் ஐ.பி.எஸ். இல்லை, இன்ஸ்பெக்டர் கூட இல்லை. ஏ.எஸ்.ஐ. என்பது சப் இன்ஸ்பெக்டருக்கும் கீழே. நம்மூரில் எஸ்.எஸ்.ஐ. என்று சொல்கிற இடத்துக்குப் பக்கத்தில் வரும். மேலே உள்ள யாரும் அவருக்கு உத்தரவு போடலாம், அவர் யாரிடமும் கெஞ்சித்தான் ஆக வேண்டும். மம்மூட்டிக்கு அப்போது 72 வயது, கேரளத்தில் அரசு ஊழியர் ஓய்வு பெறுவதோ 56-ல். படம் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பார்த்தவர்களும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பரபரப்பு எங்கிருந்து வருகிறது: நான்கு கட்டுப்பாடுகள்

நடைமுறைப் படத்தின் இயந்திரம் கட்டுப்பாடுகளால் ஆனது. இவற்றில் பெரும்பாலானவை எழுத்தாளர் கற்பனை செய்தவை இல்லை, நிஜத்தில் இருப்பவை. அதனால்தான் போலீஸ் வேலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு பார்த்தால் இந்தப் படங்கள் இரண்டு மடங்கு சூடாக இருக்கும்.

முதலாவது, சாட்சியம். நம் படங்களில் அடித்து உதைத்து “ஆமா சார், நான்தான்” என்று சொல்ல வைத்ததும் வழக்கு முடிந்துவிடும். நிஜத்தில் அந்த வாக்குமூலத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. போலீஸ்காரரிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872-ன் இந்திய சாட்சியச் சட்டம் 25-ம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டமும் இதை மாற்றவில்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு. குற்றவாளி சொன்னதை வைத்துப் போய்ப் பார்த்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருள் கிடைக்கக் காரணமான பகுதியை மட்டும் ஏற்பார்கள். கத்தியை எங்கே போட்டான், நகையை எங்கே விற்றான் என்று குற்றவாளியைக் கூட்டிக்கொண்டு அலைகிறார்களே, அது இதற்காகத்தான். போலீஸ் பேச்சில் இதற்கு ‘ரெக்கவரி’ என்று பெயர். ரெக்கவரி இல்லாமல் ஆளை மட்டும் பிடிப்பது பாதி வேலை.

இரண்டாவது, எல்லை. கண்ணூர் ஸ்டேஷனில் கொடிகட்டிப் பறக்கிற ஆள் உத்தரப் பிரதேசத்துக் கிராமத்தில் யாரோ ஒரு வெளியூர்க்காரன். மொழி தெரியாது. உள்ளூர் ஸ்டேஷனில் போய் அடையாள அட்டையைக் காட்டி உதவி கேட்க வேண்டும். அந்த ஸ்டேஷனிலேயே குற்றவாளிக்கு வேண்டியவர் யாராவது இருந்தால் தகவல் நமக்கு முன்னால் ஓடிவிடும். கைது செய்த பிறகும் அப்படியே வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்ப முடியாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு. வேறு மாநிலத்தில் பிடித்தால் வழக்கமாகப் பக்கத்து நீதிமன்றத்திலேயே ஆஜர்படுத்தி, ஊருக்குக் கொண்டுபோக அனுமதி வாங்குவார்கள். இதற்குப் பெயர் ‘ட்ரான்சிட் ரிமாண்ட்’.

மூன்றாவது, நேரம். நான்காவது, பணம். இந்த இரண்டையும் சட்டப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. தேர்தலோ ஊடகமோ மேலே நெருக்கும்போது, மேலே இருப்பவர் கீழே நெருக்குகிறார். கெடு வைக்கப்படுகிறது. வண்டிக்கு டீசல் போட வேண்டும், நான்கு பேர் சாப்பிட வேண்டும், பயணப்படி எப்போது வரும் என்று தெரியாது. ‘கண்ணூர் ஸ்குவாட்’ தன் குழுவிலேயே ஒருவரை லஞ்சம் வாங்கி மாட்டிக்கொண்டவராக வைத்ததை நான் ரொம்பவும் ரசித்தேன். வழக்கமான படம் என்றால் அந்த ஆள் வில்லனின் உளவாளியாக மாறியிருப்பார். இங்கே அவர் பணக் கஷ்டத்தில் தவறு செய்த சாதாரணப் போலீஸ்காரராகவே இருந்து, அதே வண்டியில் உட்கார்ந்து வேலையும் செய்கிறார்.

ஆக, ஆளைத் தெரிந்தால் போதாது. பிடிக்க வேண்டும், பொருளோடு பிடிக்க வேண்டும், பிறர் ஊரில் பிடிக்க வேண்டும், கெடுவுக்குள், கையில் இருக்கிற காசுக்குள் பிடிக்க வேண்டும். ட்விஸ்ட் செய்கிற வேலையை இந்தக் கட்டுப்பாடுகள் செய்கின்றன.

எப்படி எடுத்தார்கள்

இயக்குநர் ராபி வர்கீஸ் ராஜுக்கு இது முதல் படம். ஆனால் சினிமாவுக்குப் புதியவர் இல்லை, ஒளிப்பதிவாளராக இருந்தவர். ‘புதிய நியமம்’, ‘தி கிரேட் ஃபாதர்’ என்ற மம்மூட்டி படங்கள் அவர் கேமராவில் வந்தவை. எழுதியவர்கள் முகம்மது ஷாஃபியும் ரோணி டேவிட் ராஜும். ரோணி, இயக்குநரின் அண்ணன். படத்தில் அந்த லஞ்சம் வாங்கிய போலீஸ்காரராக நடித்திருப்பவரும் அவரேதான். தனக்கே அப்படியொரு வேடத்தை எழுதிக்கொள்வதற்கும் ஒரு மனசு வேண்டும்.

இவர்களின் தந்தை சி.டி. ராஜன் 1989-ல் மம்மூட்டியை வைத்து, ஜோஷி இயக்கத்தில் ‘மகாயானம்’ என்ற படத்தைத் தயாரித்தவர். லாரி ஓட்டுநர்களின் கதை. படம் நல்ல பெயர் வாங்கியது, பணம் வாங்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் கழித்துப் பிள்ளைகள் அதே நடிகரை மறுபடியும் ஒரு வண்டியில் ஏற்றி நெடுஞ்சாலையில் அனுப்பினார்கள், இந்த முறை அவரே தயாரிப்பாளர். ‘மம்மூட்டி கம்பெனி’ தயாரித்த படத்தைக் கேரளத்தில் துல்கர் சல்மானின் ‘வேஃபேரர் ஃபிலிம்ஸ்’ வெளியிட்டது.

தொழில்நுட்பத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். படம் பெரும்பாலும் அந்தச் சுமோவுக்குள்ளேயோ அதைச் சுற்றியோ நடக்கிறது. முகம்மது ராஹிலின் கேமரா வண்டிக்குள் தூக்கமில்லாத முகங்களைக் காட்டிவிட்டு வெளியே மாநிலம் மாறுவதை மண்ணின் நிறத்தில் காட்டுகிறது. சுஷின் ஷ்யாமின் இசை வேறு ஒரு விதத்தில் உதவுகிறது. திரையில் நான்கு பேர் ஒன்றும் நடக்காமல் காத்துக்கொண்டிருக்கும் இடங்களில்கூட, அந்தத் தாளம் கெடு நெருங்குவதை நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும். நடைமுறைப் படத்தில் காத்திருப்பைக் காட்டாமல் இருக்க முடியாது, காட்டினால் அலுக்கும். இசைக்கு இங்கே இருக்கும் வேலை அது.

வரவேற்பும், கேட்க வேண்டிய கேள்விகளும்

பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாமல்தான் படம் வந்தது. முதல் நாள் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி அடுத்த நாட்களில் தியேட்டர்கள் கூடின. வசூல் உலகளவில் 80 கோடி ரூபாயைத் தாண்டியதாகச் செய்திகள் வந்தன. நவம்பர் 17-ல் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் வந்த பிறகு தமிழ்நாட்டில் பேச்சு பலமாகியது. பேசிய எல்லோர் வாயிலும் வந்த ஒப்பீடு எச். வினோத்தின் ‘தீரன் அதிகாரம் ஒன்று’ (2017). பொருத்தமான ஒப்பீடுதான். தமிழ்நாடு போலீஸ் வடக்கே போய் பவாரியா கும்பலைப் பிடித்த நிஜக் கதை அது. கட்டுப்பாடுகளும் ஏறக்குறைய அவையேதான்: காசு இல்லை, மொழி இல்லை, மேலிடத்துக்கு அக்கறை இல்லை. வித்தியாசம், தீரன் ஒரு டி.எஸ்.பி. அவர் கோபப்பட முடியும். ஜார்ஜ் மார்ட்டினுக்கு அந்த வசதி குறைவு.

‘கண்ணூர் ஸ்குவாட்’ முழுக்க முழுக்க நடைமுறைப் படமா என்றால், இல்லை. உத்தரப் பிரதேசக் கிராமத்தில் இரவில் ஊரே திரண்டு வரும் அந்தச் சண்டைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அதுவரை கெஞ்சியும் காத்திருந்தும் வேலை செய்த ஏ.எஸ்.ஐ. அங்கே நட்சத்திரமாகிவிடுகிறார். தியேட்டரில் அதற்குத்தான் விசில் பறந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடம் நாயகப் படத்திலிருந்து கடன் வாங்கியது. இதே வடிவத்தை அந்தக் கடன் இல்லாமல் எடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் பதில் இருக்கிறது. முந்தின வருடம், 2022 மே மாதம், ராஜீவ் ரவி இயக்கி வெளிவந்த ‘குற்றமும் சிக்ஷையும்’. வழக்கு மட்டும் நகைக்கடைக் கொள்ளை. வடக்கே போகும் போலீஸ் குழு, ஊர் முழுக்க எதிர்ப்பு, மற்றதெல்லாம் அதேதான். விசில் அடிக்க ஓர் இடம்கூடக் கிடையாது. கூட்டமும் வரவில்லை.

இன்னொரு கேள்வி இதைவிட முக்கியம். இந்தப் படங்கள் எல்லாமே போலீஸ் வண்டிக்குள் உட்கார்ந்து உலகத்தைப் பார்க்கின்றன. அந்த ஜன்னல் வழியே வடநாட்டுக் கிராமம் என்றாலே ஒட்டுமொத்தமாகக் குற்றவாளிகளின் ஊர் என்று தெரிகிறது. ‘தீரன்’ மேலும் இதே விமர்சனம் வந்தது, ஒரு சமூகத்தையே குற்றக் கூட்டமாகக் காட்டுகிறது என்று. விசாரணையில் விழும் அடியும், “வேற வழி இல்ல” என்ற பாவனையில் கடந்துபோய்விடும். நடைமுறையை மதிப்பதாகச் சொல்லும் வகைக்கு இது ஒரு முரண். சட்டம் அந்த அடியை அனுமதிக்கவில்லை.

போலீஸ்காரர்களே எழுதும்போது

மலையாளத்தில் இந்த வகை இவ்வளவு செழித்ததற்கு ஒரு காரணம், காக்கிக்குள் இருந்தவர்களே பேனா எடுத்தது. ‘குற்றமும் சிக்ஷையும்’ கதையை எழுதியவர்களில் சிபி தாமஸ் போலீஸ் அதிகாரி. திலீஷ் போத்தனின் ‘தொண்டிமுதலும் த்ருக்ஸாக்ஷியும்’ (2017) படத்தில் சப் இன்ஸ்பெக்டராக நடித்தவரும் அவர்தான். ‘ஜோசப்’ (2018) எழுதிய ஷாஹி கபீரும் போலீஸ்காரர். அந்தப் படம் தமிழில் ‘விசித்திரன்’ ஆனது. அவர் எழுதிய ‘நாயாட்டு’ 2021 ஏப்ரல் 8-ல் வந்தது, கேரளச் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்து இரண்டே நாளில். எழுத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

இதுவரை சொன்னது புரிந்திருந்தால் ‘நாயாட்டு’ ஏன் வேறு மாதிரி உறுத்துகிறது என்பதும் புரியும். அதே கட்டுப்பாடுகள், அதே நடைமுறை, ஆனால் ஓடுபவர்கள் மூன்று போலீஸ்காரர்கள், துரத்துவது அவர்களுடைய துறையே. செல்போன் டவரை வைத்து எப்படித் தேடுவார்கள், எந்தச் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அதனால்தான் பயமும் அதிகம். தேர்தல் நேரத்து நெருக்கடியில் யாரையாவது பிடித்துக் காட்ட வேண்டும், உண்மை இரண்டாம் பட்சம். தலித் அமைப்பு ஒன்றை எதிர்நிலையில் வைத்த விதம் அந்தப் படத்துக்கு எதிராகக் கடுமையான வாதங்களைக் கிளப்பியது. அந்த வாதங்களில் நியாயம் உண்டு என்பது என் கருத்து. துரத்தப்படும் மூவரில் இருவரைத் தலித்துகளாக வைத்ததால் மட்டும் அந்தக் கணக்கு நேராகிவிடவில்லை.

எந்த வரிசையில் பார்க்கலாம்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ‘ஒரு சி.பி.ஐ. டைரிக்குறிப்பு’ பார்த்துவிட்டு உடனே ‘கண்ணூர் ஸ்குவாட்’ பாருங்கள். இரண்டிலும் மம்மூட்டி, இரண்டிலும் கொலை விசாரணை, ஆனால் உங்கள் மனம் கேட்கும் கேள்வி முற்றிலும் வேறாக இருக்கும். அப்புறம் ‘குற்றமும் சிக்ஷையும்’, அதன் பிறகு ‘நாயாட்டு’. ‘தொண்டிமுதலும் த்ருக்ஸாக்ஷியும்’ மட்டும் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஒரு திருடன் தாலிச் சங்கிலியை அறுத்து விழுங்கிவிடுகிறான். திருடன் கையிலேயே இருக்கிறான், பொருள் அவன் வயிற்றில். மேலே சொன்ன ‘ரெக்கவரி’ என்ற ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு ஸ்டேஷனே படம் முழுக்கப் படுகிற பாடுதான் கதை.